நுரையீரலுக்குள் ஓர் எலிப்பொறி

நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் தூசியும் கிருமிகளும் உள்ளே போகின்றன. அவற்றை அழிக்க ஓடிவரும் வெள்ளை அணுக்கள் 'எலாஸ்டேஸ்' என்ற நொதியை வெளியிடுகின்றன. இது புரதங்களை வெட்டும் 'புரோட்டியேஸ்' இனத்தைச் சேர்ந்தது. களை எடுக்க வந்தவன் செடியையும் வெட்டிவிடுவதுபோல, கட்டுப்பாடு இல்லாவிட்டால் இது நுரையீரலின் மெல்லிய சுவர்களையும் அரித்துவிடும்.

இதற்கு நம் கல்லீரலே ஒரு காவலாளியைத் தயாரித்து ரத்தத்தில் அனுப்புகிறது. அதன் பெயர் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின். அது வேலை செய்வது அசல் எலிப்பொறி போலத்தான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வளையமே இரை. எலாஸ்டேஸ் அதைக் கடித்ததும், பொறி அதை மறுமுனைக்கு இழுத்து நசுக்கிவிடுகிறது. ஒரு பொறிக்கு ஓர் எலிதான். அத்துடன் பொறியும் தீர்ந்துவிடும்.

இந்தப் புரதம் சிலருடைய ரத்தத்தில் ஏறக்குறைய இல்லவே இல்லை என்பதை 1963-இல் ஸ்வீடனில் லாரல், எரிக்சன் என்ற இருவர் கண்டறிந்தனர். பரம்பரையாக வரும் இக்குறை இருந்தால், நுரையீரல் சிதையும் 'எம்ஃபிசிமா' நடுத்தர வயதிலேயே வரக்கூடும். ஐரோப்பிய வம்சாவளியினரிடையே இது அதிகம், நம்மிடையே அரிது.

பிறர் ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த இப்புரதம் 1987-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. ஆனால் அது உடலில் சில நாட்களே தங்கும். எனவே வாரந்தோறும் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். அதுவும் ஆயுள் முழுவதும்!

இங்குதான் புரதப் பொறியியல் கை கொடுக்கிறது. நம் எதிர்ப்புப் புரதங்களின் அடித்தண்டுக்கு 'எஃப்சி' என்று பெயர். செல்கள் இதை விழுங்கினாலும் செரித்துவிடாமல் மீண்டும் ரத்தத்துக்கே அனுப்பிவிடும். அதனால் அவ்வகைப் புரதங்கள் சுமார் மூன்று வாரம் நீடிக்கின்றன. இந்தத் தண்டோடு பொறியை ஒட்டினால் இரண்டும் ஒரே புரதமாகிவிடும். முடக்குவாதத்துக்கு 1998-இல் வந்த எட்டனர்செப்ட் இப்படி ஒட்டி உருவாக்கியதே.

இவ்வகையில் உருவான எஃப்டோரால்பிரின் ஆல்ஃபா என்ற மருந்தை மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை செலுத்திச் சோதித்தனர். ரத்தத்தில் வேலை செய்யும் புரதத்தின் அளவு பழைய மருந்தைவிட உயர்ந்ததாக 2025-இல் முடிவு வெளியாயிற்று. ரத்தத்தில் அளவு உயர்வது ஒன்று, நுரையீரல் பிழைப்பது வேறு; அதை நீண்ட நாள் சோதனைகளே சொல்ல வேண்டும்.

இதில் நம் எல்லோருக்கும் ஒரு பாடம் உண்டு. இரை வளையத்தில் 'மெத்தியோனின்' என்ற அமினோ அமிலம் இருக்கிறது. சிகரெட், பீடிப் புகை பட்டால் அது ஆக்ஸிஜனேற்றம் அடைந்து பொறி மழுங்கிவிடும். புதிய மருந்தில் அதையும் மாற்றி அமைத்திருக்கிறார்கள். நாம் பிறவியில் பெற்ற பொறிக்கு அந்தச் சலுகை இல்லை!

எனவே, வீட்டுக்குள் புகை வேண்டாம். இளம் வயதிலேயே எம்ஃபிசிமா வந்தால், அல்லது குடும்பத்தில் பலருக்கு அது இருந்தால், "ஆல்ஃபா-1 அளவு பார்க்கலாமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.