புது போனில் மட்டும் காணாமல் போகும் ஆப்

ஆப்களைப் புதுப்பிக்கக் கூகுள் பிளே ஸ்டோர் வைக்கும் கெடு ஆகஸ்ட் 31. வரும் கடிதங்களில் பாதி, "பழவேற்காட்டு மீனவர்களுக்கு ஆப் எழுதுகிறோம், ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா?" என்கின்றன. மீதி, "கெடு தாண்டினால் ஆப் நின்றுவிடுமா?" என்கின்றன. இரண்டாவதுதான் முக்கியம்.

நிற்காது. எந்த ஆண்ட்ராய்டுக்காகத் தயாரானது என்று ஒவ்வொரு ஆப்பும் தனக்குள் ஓர் எண் வைத்திருக்கிறது. 2025-இல், பிளே ஸ்டோரில் ஏற்கெனவே உள்ளவற்றுக்கு அது குறைந்தது ஆண்ட்ராய்டு 14 ஆக இருக்க வேண்டியிருந்தது. புதிதாக ஏற்றவும் புதுப்பிக்கவும் 15 வேண்டியிருந்தது. இந்தக் கணக்கு ஆண்டுதோறும் ஏறும். எண் பின்தங்கினால், அதைவிடப் புதிய ஆண்ட்ராய்டு உள்ள போனில், முன்பு நிறுவாதவர் எவ்வளவு தேடினாலும் ஆப் கண்ணில் படாது. பழைய பயனாளர்களுக்கு வழக்கம்போல ஓடுவதால் புகாரே வராது. எழுதியவரும் கவனிக்காமலே போகலாம்.

பழவேற்காட்டின் கூனங்குப்பத்துப் படகில் போன் பாலித்தீன் பைக்குள் கிடக்கும். பை கிழிந்து உப்புத் தண்ணீர் ஏறினால் அதோடு சரி, புது போன்தான். பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல் நினைவிருந்தால் தப்பிக்கலாம். மறந்துபோய்ப் புதுக் கணக்கு திறந்தால், ஸ்டோருக்கு அவர் புது ஆள். அலை உயரம் பார்த்துக் கடலுக்குப் போனவருக்கு அன்றிலிருந்து அந்த ஆப் கிடையாது.

இந்த விதி பயனாளர் பாதுகாப்புக்காக என்கிறது கூகுள். தொடர்பு எண்களையும் படங்களையும் கேட்கும் ஆப்களுக்கு அது சரி. எதையும் கேட்காமல் காற்றின் வேகம் மட்டும் சொல்லும் ஆப்புக்கும் அதே தண்டனை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி முதல் கேள்வி. ஒரே நிரலை எழுதி ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓட்டலாம் என்பது ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் போன்ற கருவி தருபவர்களின் வாக்குறுதி. அவர்களுடைய காலக்கெடுவும் உங்கள் தலையில் ஏறும் என்பதை யாரும் சொல்வதில்லை. அப்படியொரு கருவியான ஸாமரினை 2016-ல் வாங்கிய மைக்ரோசாஃப்ட், 2024 மே 1-ல் ஆதரவை நிறுத்தியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காக உருவாக்கிய ஃபிஷர் ஃபிரண்ட் ஆப் 2007-ல் டாடாவின் சிடிஎம்ஏ போனில் தொடங்கியது. ஆண்ட்ராய்டுக்கு மாற்றி எழுத ஆள் இருந்ததால்தான் பிழைத்தது.

ஆகவே, ஐந்து வருடம் கழித்தும் கூட இருக்கப்போகிறவருக்கு எது தெரியுமோ அதில் எழுதுங்கள். ஸ்டோர் கணக்கு ஆப் எழுதும் மாணவர் பெயரில் வேண்டாம், மீனவர் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும்.

கூடவே வரும் சிறு கேள்விகள்: ஐபோனுக்கும் வேண்டுமா? ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர், கூகுளுக்கு ஒரே முறை 25. முதலில் ஆண்ட்ராய்டு போதும்.

தெலுங்கு? கட்டாயம், பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில்.

சிக்னல் இல்லாத ஆழ்கடலில்? கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸின் ஜெமினி கருவி செயற்கைக்கோள் வழி எச்சரிக்கையை வாங்கி புளூடூத்தில் போனுக்குத் தரும். பதில் அனுப்ப முடியாது.

கெடு நீளுமா? 2025-இல் விண்ணப்பித்தவர்களுக்கு நவம்பர் 1 வரை நீண்டது.