உறுதி தொலைந்தாலும் காணி தொலையாது: கணனி எழும்பாவிட்டால் நாம் செய்ய வேண்டியவை

எமது கிராமிய நிலையத்திலே ஒரு பழைய மேசைக் கணனி உண்டு. சங்க அங்கத்தவர் பட்டியல், சுழற்சிக் கடன் கணக்கு, விதைநெல் கொடுத்து வாங்கிய விபரம் எல்லாம் அதனுள்ளேதான் இருந்தன. இவற்றோடு, இடம்பெயர்ந்த குடும்பங்கள் பொலித்தீன் பைகளிலே சுற்றிக் காப்பாற்றிக் கொண்டுவந்த காணி உறுதிகள், அனுமதிப் பத்திரங்கள், பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் படங்களும் இருந்தன. மூல உறுதியைப் பின்னர் இழந்துவிட்ட சிலருக்கு அந்தப் படமே கையில் எஞ்சிய சான்று.

ஒருநாள் காலை அந்தக் கணனி எழும்பவில்லை. கறுப்புத் திரையிலே வெள்ளை எழுத்தில் இரண்டு ஆங்கில வரிகள். முதலாவது வரியின் பொருள், 'அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை' என்பது. இரண்டாவது வரியில் 'கிறப் ரெஸ்கியூ' என்ற சொற்களும், சிமிட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கோடும்.

நகரத்திலே கணனி திருத்தும் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டோம். "போமற் பண்ணிப் புதிதாகப் போட்டுத் தரலாம். உள்ளே இருந்தது போனதுதான்" என்றார். நாமும் ஏறத்தாழ இணங்கிவிட்டோம். கணனியை எடுத்துச் செல்ல ஆயத்தமானபோது, தமது காணிப் படத்தைப் பெற வந்திருந்த வயதான அம்மா ஒருவர் கேட்டார்: "சுவாமி, உறுதி துலைஞ்சாலும் காணி அங்கைதானே கிடக்குது? இதுவும் அப்பிடி இல்லையோ?"

கணனியைத் தொட்டே அறியாத அவரது கேள்விதான் சரியான கேள்வி என்பதைப் பின்னர் அறிந்துகொண்டோம். சங்கங்களிலும் பாடசாலைகளிலும் பங்குகளிலும் லினக்ஸ் கணனிகளை வைத்திருப்போருக்குப் பயன்படும் என்பதால், நாம் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

வன்தட்டு என்னும் காணி

கணனி எழுதி வைப்பவை எல்லாம் அதனுள் இருக்கும் வன்தட்டிலே கிடக்கின்றன. புதிய வன்தட்டு ஒரு பெரிய வெறுங்காணி போன்றது. அதை வரம்பு கட்டித் துண்டுகளாகப் பிரித்தே பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு துண்டும் ஒரு பார்ட்டிஷன். எமது கணனியில் ஒரு துண்டிலே வின்டோஸும், அடுத்த துண்டிலே லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த உபுண்டுவும் இருந்தன.

லினக்ஸ், 1991ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்த வேலை. அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. எவரும் காசு கொடுக்காமல் எடுக்கலாம், பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். வருமானமில்லாத சங்கங்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் பழுது வந்தால் நாமே கொஞ்சம் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற விபரம் வன்தட்டின் தொடக்கத்திலே எழுதப்பட்டிருக்கும். பழைய முறையில் இதற்குரிய இடம் 512 பைற் மாத்திரமே. ஒரு பைற் என்பது ஓர் ஆங்கில எழுத்துக்கு வேண்டிய இடம் என்று கொள்ளலாம். அந்த 512இல் 446 பைற் கணனியை எழுப்பும் சிறு நிரலுக்கு. 64 பைற் துண்டுகளின் அட்டவணைக்கு. அதாவது ஒரு துண்டுக்கு 16 பைற் வீதம் நான்கு துண்டுகளுக்கு. கடைசி 2 பைற் முத்திரை. ஆகவே, முழுக் காணிக்கும் உறுதியாக இருப்பது தபாலட்டையின் இரண்டு வரியளவு எழுத்தே. அது அழிந்தால் கணனி 'காணியே இல்லை' என்கிறது. காணியோ கிடந்த இடத்திலேயே கிடக்கின்றது.

புதிய கணனிகளில் ஜி.பி.ரி. என்ற முறை உண்டு. இதில் வழக்கமாக 128 துண்டுகள் வரை பதியலாம். அட்டவணையின் இன்னொரு பிரதி வன்தட்டின் கடைசியிலும் எழுதப்படும். நொத்தாரிசு ஓர் உறுதியை முடித்தால் அதன் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது போன்றது இது.

எமது கணனிக்கு நடந்தது இதுதான். நிலையத்துக்கு வரும் ஒரு மாணவன் வின்டோஸில் இடம் போதவில்லை என்று பார்த்திருக்கிறான். லினக்ஸ் எழுதியதை வின்டோஸ் தானாக வாசிப்பதில்லை. எனவே எமது லினக்ஸ் துண்டு அங்கே பெயரில்லாத ஒரு துண்டாகத் தெரிந்தது. வெறுங்காணி என்று எண்ணி அவன் அதை அட்டவணையிலிருந்து நீக்கிவிட்டான். அந்த இடத்திலே வேறெதையும் எழுதுமுன் மின்சாரம் நின்றுவிட்டது. அதுவே எமது நற்காலம். ஆள் இல்லாத காணி எல்லாம் சொந்தக்காரன் இல்லாத காணி அல்ல என்பது எமது மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எந்தப் படியில் நின்றது?

கணனி ஒரே மூச்சில் எழும்புவதில்லை. முதலில் அதன் பலகையிலே பதிந்துள்ள நிரல் வன்தட்டைத் தேடுகிறது. அடுத்து கிறப் என்னும் தொடக்க நிரல் எழும்பி, எதைத் தொடங்குவது என்று கேட்கிறது. பின்பு லினக்ஸின் கரு ஏறி, தனது துண்டைத் திறக்கிறது. இறுதியாக ஏனைய வேலைகள் தொடங்குகின்றன. எந்தப் படியில் நின்றது என்பதைக் கண்டால் பாதி நோய் புரிந்துவிடும்.

1. வன்தட்டே இல்லை என்ற செய்தி வந்தால், கம்பி கழன்றிருக்கலாம், அல்லது தட்டு பழுதாகியிருக்கலாம். மின்னை நிறுத்தி, கம்பிகளைக் கழற்றி மீண்டும் பூட்டிப் பாருங்கள்.

2. கிறப் வராமல் நேரே வின்டோஸ் எழும்பினால் பெரும்பாலும் லினக்ஸ் அழியவில்லை. வின்டோஸை மீண்டும் போட்டபோது வாசற்கதவை அது தன் பக்கம் திருப்பிக்கொண்டது, அவ்வளவே. புதிய கணனிகளில் முதலில் அமைப்புப் பக்கத்துக்குப் போய் எழும்பும் வரிசையைப் பாருங்கள். உபுண்டுவை மேலே ஏற்றினாலே போதுமாக இருக்கலாம்.

3. 'கிறப் ரெஸ்கியூ' என்று நின்றால், கிறப்பின் முதற்பாதி இருக்கிறது, மறுபாதி இருந்த துண்டைக் காணவில்லை என்பது பொருள். எமக்கு நடந்தது இதுவே.

4. 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சொல்லோடு நின்றால், கரு ஏறிவிட்டது, ஆனால் தனது துண்டைத் திறக்க முடியவில்லை. திடீரென மின்சாரம் நிற்கும் இடங்களில் இது அதிகம்.

5. 'எமேர்ஜென்சி மோட்' என்று வந்தால், திறக்க வேண்டிய துண்டுகளின் பட்டியலிலே இப்போது இல்லாத ஒரு துண்டின் இலக்கம் இருக்கக்கூடும். அந்தப் பட்டியலின் பெயர் எஃப்எஸ்ராப். துண்டுகளின் உண்மையான இலக்கங்களை பி, எல், கே, ஐ, டி என்ற கட்டளை காட்டும். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

கை வைக்குமுன்

முதலாவது விதி: அந்த வன்தட்டிலே எதையும் எழுத வேண்டாம். போமற் செய்ய வேண்டாம். புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். லினக்ஸ் தட்டை வின்டோஸ் கணனியில் பூட்டினால், 'பயன்படுத்துமுன் போமற் செய்ய வேண்டும்' என்று அது கேட்பதுண்டு. 'வேண்டாம்' என்றே சொல்லுங்கள். நீக்கப்பட்ட துண்டு தரிசாகக் கிடக்கும் வரை மீட்கலாம். மேலே வேறு பயிர் விதைத்தால் மீட்க முடியாது. எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைத் தட்டுகளிலே இன்னும் கவனம் வேண்டும். அவற்றைப் போமற் செய்தால் பழைய பதிவுகள் உண்மையாகவே துடைக்கப்படலாம்.

இரண்டாவது விதி: வெளியிலிருந்து எழுப்புங்கள். சிஸ்டம்ரெஸ்கியூ என்ற இலவச லினக்ஸை ஒரு பென்ட்ரைவில் ஏற்றி, அதிலிருந்து கணனியை எழுப்பலாம். மீட்புக் கருவிகள் அதிலே முன்னரே உள்ளதால், இணைய வசதி இல்லாத கிராமத்திலும் பயன்படும். எழும்பியதும் எல், எஸ், பி, எல், கே என்ற ஐந்து எழுத்துகளைத் தட்டினால் எல்லாத் தட்டுகளும் துண்டுகளும் அளவோடு தெரியும். வழக்கமாக முதலாவது தட்டு எஸ்.டி.ஏ. என்றும், அதன் இரண்டாம் துண்டு எஸ்.டி.ஏ.2 என்றும் பெயர் பெறும். பெயரை விட அளவைப் பார்த்தே அடையாளம் காணுங்கள். தட்டு மாறினால் மீட்பே அழிவாகிவிடும்.

மூன்றாவது விதி: தட்டு 'டக், டக்' என்று ஒலித்தாலோ வாசிக்க மறுத்தாலோ, திருத்தும் முயற்சியை விட்டுப் பிரதி எடுங்கள். டிடிரெஸ்கியூ என்ற கருவி நல்ல பகுதிகளை முதலில் வாசித்து, கெட்ட பகுதிகளைப் பின்பு முயலும். இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிரதி எடுக்கும் தட்டு பழையதன் அளவாவது இருக்க வேண்டும்.

தொலைந்த வரம்பைத் தேடுதல்

பல ஆண்டுகளின் பின் விடுவிக்கப்பட்ட காணிக்குத் திரும்பிய குடும்பங்கள் எல்லையை எப்படிக் கண்டுபிடித்தன? வேலி இல்லை, கதியால் இல்லை. ஆனால் பழைய கிணறு இருந்தது, வீட்டு அத்திவாரம் இருந்தது, மூலையிலே ஒரு பனை நின்றது. அவற்றை வைத்து அளந்து எல்லையைக் கண்டார்கள்.

ரெஸ்ற்டிஸ்க் என்ற கருவியும் அதையே செய்கிறது. பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்தோப் கிறெனியே என்பவர் ஆக்கிய இலவசக் கருவி இது. அட்டவணையை நம்பாமல் தட்டையே தேடிப்பார்த்து, ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் இருக்கும் அடையாளங்களைக் கண்டு, 'இங்கே ஒரு லினக்ஸ் துண்டு இருந்தது' என்று சொல்கிறது.

லினக்ஸ் பழகிய ஓர் இளைஞரை எமக்கு உதவியாக அழைத்தோம். தட்டைத் தெரிவுசெய்து, அட்டவணை வகைக்குக் கருவி சொன்னதையே ஏற்று, ஆராயும்படி சொன்னார். சில நிமிடங்களில் நீக்கப்பட்ட துண்டு பட்டியலிலே தோன்றியது. அதன்மேல் நின்று 'பி' என்ற விசையை அழுத்தியதும் உள்ளே இருந்த கோவைகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. 'உறுதிகள்' என்ற பெயரையும் அங்கே கண்டோம்.

"எழுதலாமா, பாதர்?" என்று கேட்டார்.

"பொறும், தம்பி. முதலில் பிரதி" என்றோம்.

ரெஸ்ற்டிஸ்கிலிருந்தே கோவைகளை வெளித்தட்டு ஒன்றுக்குப் பிரதி பண்ணலாம். அது முடிந்த பின்னரே அட்டவணையைத் திரும்ப எழுதினோம். கணனியை மீண்டும் எழுப்பியபோது கிறப் தன் பட்டியலோடு வந்தது. துண்டு பழைய இடத்துக்கே, பழைய இலக்கத்தோடு திரும்பியதால் வேறொன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

முதல் தேடலில் துண்டு அகப்படாவிட்டால் ஆழமான தேடல் ஒன்றும் உண்டு. அதுவும் தவறினால், இதே கருவியோடு வரும் போட்டோரெக் படங்களையும் ஆவணங்களையும் பெயரில்லாமலாவது பொறுக்கித் தரும்.

கிறப்பும் கோப்பு அமைப்பும்

துண்டு இருந்தும் கிறப் அழிந்திருந்தால், பென்ட்ரைவிலிருந்து எழுப்பி, லினக்ஸ் துண்டைத் திறந்து, கிறப்-இன்ஸ்டோல் என்ற கட்டளையால் மீண்டும் நிறுவலாம். பழைய வகைக் கணனியில் அதை முழுத் தட்டுக்கு, அதாவது எஸ்.டி.ஏ.க்கு நிறுவ வேண்டும். எஸ்.டி.ஏ.2 என்ற துண்டுக்கு அல்ல. பலர் தவறுவது இங்கேதான்.

நான்காம் வகைப் பழுதுக்கு எஃப், எஸ், சி, கே என்ற கட்டளை உதவும். எந்தத் துண்டைச் சோதிக்க வேண்டும் என்று திரையே பெரும்பாலும் சொல்லும். திறந்து பயன்பாட்டிலுள்ள துண்டின் மேல் இதை ஒருபோதும் ஓட்டக்கூடாது. பழுதான தட்டு என்ற சந்தேகம் இருந்தால் முதலில் பிரதி, பிறகே திருத்தம். லினக்ஸின் எக்ஸ்ற்4 அமைப்பு தனது தலைப்பக்கத்தின் பிரதிகளைத் துண்டின் பல இடங்களில் வைத்திருக்கிறது. தலைப்பக்கம் கெட்டாலும் அப்பிரதிகளில் ஒன்றைக் கொண்டு மீட்க வழியுண்டு.

இன்றே செய்யக்கூடியவை

எஸ்எஃப்டிஸ்க் என்ற கட்டளை தட்டின் அட்டவணையை ஒரு சிறு எழுத்துக் கோவையாகத் தரும். ஒவ்வொரு துண்டின் தொடக்கமும் நீளமும் அதில் இருக்கும். அதை அச்சிட்டோ கொப்பியில் எழுதியோ வையுங்கள். நில அளவைப் படத்தின் பிரதியை வைத்திருப்பது போன்றது அது.

அதைவிட முக்கியம், உள்ளிருப்பவற்றின் பிரதி. மூன்று பிரதிகள், இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறு ஊரில் என்பது நல்ல வழக்கம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் பல ஓலைச்சுவடிகளும் அழிந்தன. வேறிடத்தில் பிரதி இருந்தவை திரும்ப வந்தன. பிரதி இல்லாதவை வரவில்லை. உறுதிகள் மக்களுடைய உடைமை என்பதால், பிரதிகளைக் கண்டவர் கையில் கொடாது பூட்டி வைப்பதும் எமது கடமை.

அந்த மாணவன் பல நாட்கள் நிலையத்தின் பக்கம் வரவில்லை. ஆளனுப்பி அழைத்தோம். தவறு அவனுடையது மாத்திரம் அல்ல. ஒரேயொரு தட்டிலே ஊரின் உறுதிகளை எல்லாம் வைத்துவிட்டுப் பிரதி எடுக்காதிருந்த தவறு எம்முடையது. இப்போது வாரந்தோறும் பிரதி எடுப்பவன் அவனே.

நற்செய்தியிலே ஒரு பெண் காசைத் தொலைக்கிறாள். அவள் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டவில்லை. விளக்கேற்றினாள், வீட்டைக் கூட்டினாள், கிடைக்கும் வரை தேடினாள். 'எல்லாம் போய்விட்டது, புதிதாகத் தொடங்குங்கள்' என்று எமது மக்களுக்குச் சொன்னவர்கள் பலர். அப்படிச் சொல்வது சொல்பவருக்கு எளிது. எனவே கணனியானாலும் காணியானாலும், போய்விட்டது என்று ஒப்புக்கொள்ளுமுன் விளக்கை ஏற்றித் தேடிப் பார்ப்போம்.