மூன்றாம் வகுப்பும் மூன்று பருவமும்: பெற்றோர் செய்ய வேண்டியது



ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைக்குப் புத்தகம், நோட்டு, சீருடை எல்லாம் கொடுத்துவிடுகிறார்கள். "எல்லாம் சர்க்காரே கொடுத்தாச்சு, இனி வாத்தியார் பார்த்துக்குவார்" என்று நாமும் காட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம். வாத்தியார் பார்த்துக்கொள்வார்தான். ஆனால் பிள்ளை வகுப்பிலே உட்கார்ந்திருந்தால்தானே அவர் பார்த்துக்கொள்ள முடியும்?

படிப்பு விஷயத்தில் சுகாதாரத் துறைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பள்ளிக்கூடத்துக்குப் போனால் வருகைப் பதிவேட்டை வாங்கிப் பார்ப்பது என் வழக்கம். அதில் வராத நாளுக்கு என்ன காரணம் என்று டீச்சரைக் கேட்டால் வரும் பதில்கள் இவைதான்: காய்ச்சல், வயிற்று வலி, சொறி சிரங்கு, அம்மாவுக்குப் பிரசவம், தம்பிப் பாப்பாவைப் பார்த்துக்கணும். இவற்றில் எது எங்கள் துறையைச் சேராதது? ஆகவேதான் குடும்ப நல வெளியீட்டில் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

முதலில் பள்ளிக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டு முப்பருவ முறை வந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை முதல் பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டாம் பருவம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மூன்றாம் பருவம். ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் புத்தகம். பிள்ளை முதுகில் சுமை குறைந்தது நல்லதே. ஆனால் ஒரு பருவம் முடிந்தால் அந்தப் புத்தகம் மூடப்படுகிறது, அடுத்தது திறக்கப்படுகிறது. முதல் போகத்தில் விட்டதை அடுத்த போகத்தில் அறுக்க முடியாது என்பது விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கல்வி உரிமைச் சட்டம், 1 முதல் 5 வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள் பள்ளி நடக்க வேண்டும் என்கிறது. அதை மூன்றாகப் பங்கிட்டால் ஒரு பருவத்துக்குச் சுமார் 67 நாள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் "போகட்டும், இன்னைக்கு வீட்ல இருக்கட்டும்" என்று விட்டால், ஒரு பருவத்தில் 13 நாள் போய்விட்டது. அதாவது இரண்டு வாரத்துக்கும் மேலே! நமக்கு அது ஒரு நாளாகத்தான் தெரிகிறது.

மற்ற வகுப்புகளைவிட மூன்றாம் வகுப்பைக் குறிப்பாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இரண்டாம் வகுப்பு வரை பிள்ளை வாசிக்கக் கற்கிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து வாசித்துக் கற்கிறது. அறிவியல், சமூக அறிவியல் என்று தனிப் பாடங்கள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. எழுத்துக் கூட்டவே தடுமாறும் பிள்ளைக்கு அந்தப் பாடங்கள் எல்லாமே இருட்டு. கணக்கிலும் அப்படியே. கூட்டல் கழித்தல் நின்றால்தான் அதன் மேல் பெருக்கல், பெருக்கல் நின்றால்தான் வகுத்தல்.

ஓர் உதாரணம் பாருங்கள். டீச்சர் ஒரு நாள் கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லித் தருகிறார். நம் பிள்ளை அன்று சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருக்கிறது. மறுநாள் 52-ல் 28 போனால் என்ன என்று கேட்டால், 8-ல் 2 போனால் 6, 5-ல் 2 போனால் 3, ஆக 36 என்று எழுதி வைக்கிறது. சரியான விடை 24. "இதுக்குக் கணக்கே ஏறாது" என்று நாம் தலையில் குட்டுகிறோம். அந்தப் பிள்ளைக்கு அறிவில் ஒரு குறையும் இல்லை. ஏணியில் ஒரு படி விட்டுப்போய்விட்டது, அவ்வளவுதான். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காகவே 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கி, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். கடைசி நிலையில் இருக்கும் பிள்ளையும் வகுப்புக்கு வந்தால்தான் அதன் பலன் கிடைக்கும். "நல்லாப் படிக்கலையே, ஒரு நாள் போகாட்டி என்ன" என்பது தலைகீழ் நியாயம்.

இனி ஒவ்வொரு பருவத்திலும் உடம்பு எப்படிக் குறுக்கே வருகிறது என்று பார்ப்போம்.

முதல் பருவத்தில், ஆகஸ்டு மாதம், பள்ளியிலே குடற்புழு நீக்க மாத்திரை கொடுப்பார்கள். பிறகு பிப்ரவரியில் ஒரு தடவை. வெறுங்காலோடு மண்ணில் நடக்கும் பிள்ளைக்குக் கொக்கிப்புழு பாதம் வழியாகவே உள்ளே போகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சுகிறது. ரத்தம் குறைந்த பிள்ளை வகுப்பில் தூங்கி வழிகிறது. நாம் சோம்பேறி என்கிறோம். அல்பெண்டசோல் என்ற அந்த மாத்திரை 400 மில்லிகிராம். 2 வயதுக்கு மேல் முழு மாத்திரை, மென்று தின்ன வேண்டும். 1 முதல் 2 வயதுவரை உள்ள குழந்தைக்குப் பாதி, பொடித்துக் கொடுப்பார்கள். நிறையப் புழு இருந்தால் கொஞ்சம் வயிற்று வலியோ குமட்டலோ வரலாம், பயப்பட வேண்டாம், தானே போகும். அன்று காய்ச்சலாக இருந்தாலோ பள்ளிக்கு வராவிட்டாலோ, சுமார் ஒரு வாரம் கழித்து விட்டுப்போனவர்களுக்கென்று இன்னொரு நாள் வைப்பார்கள். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்றாகக் கொடுக்கும் இளஞ்சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரையும் இந்த ரத்தக்குறைவுக்காகத்தான். சாப்பிட்ட பிறகு கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் கூடாது. மலம் கறுப்பாகப் போனால் அது மாத்திரையின் நிறம், நோய் அல்ல.

காலையில் வெறும் வயிற்றோடு, அல்லது ஒரு டம்ளர் டீயோடு அனுப்பும் பழக்கத்தை விடுங்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் கிராமத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, பொங்கல், கிச்சடி என்று சூடாகப் போடுகிறார்கள். ஆனால் முதல் மணி அடித்த பிறகு வரும் பிள்ளைக்கு அது கிடைக்காது. மத்தியானம் சத்துணவில் முட்டையும் உண்டு.

இரண்டாம் பருவம் மழைக்காலம். காய்ச்சல் வந்தால் கைவைத்தியத்தோடு நிற்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். டெங்குக் காய்ச்சலில் சூடு தணிந்த பிறகுதான் ஆபத்து வருகிறது என்பதை மறக்க வேண்டாம். சூடு தணிந்தும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள்.

எப்போது பிள்ளையை வீட்டில் நிறுத்துவது, எப்போது அனுப்புவது? இதில் நம் ஜனங்கள் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் நிறுத்த வேண்டும். சின்னம்மை என்றால் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை வீடுதான். பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் தொடங்கி 5 நாள். ஆனால் தலையில் பேன் இருக்கிறது, மூக்கு ஒழுகுகிறது, லேசான இருமல் என்பதற்கெல்லாம் நிறுத்தத் தேவையில்லை. சொறி சிரங்குக்கு மருந்து போடும்போது வீட்டில் உள்ள எல்லாருமே ஒரே நாளில் போட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கு மட்டும் போட்டால் தாயிடமிருந்து திரும்ப வந்துவிடும். பிள்ளை மறுபடி லீவு.

பள்ளிக்கு வருஷம் ஒரு முறை மருத்துவக் குழு வந்து கண், காது, பல், இதயம் எல்லாம் பார்க்கும். அன்று பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள். போர்டில் எழுதியது தெரியாத பிள்ளை அதை வாய் திறந்து சொல்லாது. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். 5 வயதுக்குமேல் போட வேண்டிய முத்தடுப்பு ஊசி விட்டுப்போயிருந்தால் அட்டையை எடுத்துக்கொண்டு போய் நர்சம்மாவிடம் காட்டுங்கள். இப்போதைய வயசுக்கு எது வேண்டும் என்று அவர் சொல்வார். 10 வயதில் இன்னொரு ஊசி உண்டு.

இதுவரை சொன்னது எல்லாம் பிள்ளையின் உடம்பு. இனிச் சொல்லப்போவது தாய் தகப்பன் சம்பந்தப்பட்டது. இந்தப் பகுதியைப் பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லாமல் நீங்களே வாசியுங்கள்.

மூன்றாம் வகுப்புப் பதிவேட்டில் உடம்பு சரியாக இருந்தும் வராத பிள்ளைகளைப் பாருங்கள். அதில் பெண் பிள்ளைகள், அதிலும் வீட்டுக்கு மூத்த பெண்கள், அடிக்கடி கண்ணில் படுவார்கள். எட்டு வயசுப் பெண். வீட்டில் நாலு வயசில் ஒரு தங்கை, ஒன்றரை வயசில் ஒரு தம்பி, அம்மா வயிற்றில் இன்னொன்று. நடவு, களையெடுப்பு, தைமாத அறுப்பு என்று அம்மா கூலிக்குப் போனால், இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பது இவள்தான். "வேற என்ன செய்யறது? சின்னப் புள்ளைய யார்கிட்ட விட்டுட்டுப் போறது?" என்று அந்தத் தாய் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. கூலி போனால் அன்று அடுப்பு எரியாது. ஆனால் அந்தக் கூலிக்கு வட்டி கட்டுவது மூத்த மகள். தை மாதத்து மூன்றாம் பருவம் முழுக்க அப்படிப் போனால், நாலாம் வகுப்பில் அவளுக்குப் பக்கத்துப் பிள்ளை வாசிப்பது புரியாது. ஐந்தாம் வகுப்பில் "எனக்குப் படிப்பு வேணாம்மா" என்பாள். நாமும் அவளே சொல்கிறாள் என்று சும்மா இருந்துவிடுவோம். பிறகு சின்ன வயசிலேயே கல்யாணப் பேச்சு. சட்டப்படி 18 வயசுக்கு முன் அது குற்றம்.

உடனே செய்யக்கூடியது ஒன்று: 2 வயது முடிந்த குழந்தையை அங்கன்வாடியில் விடலாம். அதைவிடச் சிறிய குழந்தைக்குப் பாட்டி, அத்தை, சித்தி என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். நாலு வீட்டார் சேர்ந்தால் ஒருவர் நின்று நாலு குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்.

அடிப்படையாகச் செய்ய வேண்டியது, அடுத்த பிரசவத்துக்கு இடைவெளி. ஒரு குழந்தைக்கும் அடுத்ததற்கும் 3 வருஷம் இருந்தால் தாய் தேறுகிறாள், கைக்குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, மூத்த பெண் பள்ளிக்குப் போகிறாள். ஒரே முடிவில் மூவரும் பிழைக்கிறார்கள். காப்பர்-டி பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம், அல்லது 6 வாரம் கழித்து வைக்கலாம், வேண்டும்போது எடுத்துவிடலாம். அந்தரா ஊசி 3 மாதத்துக்கு ஒன்று. சாயா மாத்திரை முதல் 3 மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. அதில் ஹார்மோன் கிடையாது, பால் கொடுக்கும் தாயும் சாப்பிடலாம். நிரோத் இருக்கவே இருக்கிறது. எது உங்கள் உடம்புக்கு ஏற்றது என்று டாக்டரம்மாவிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எல்லாமே அரசு மருத்துவமனையில் இலவசம்.

குழந்தை போதும் என்று தீர்மானித்துவிட்ட வீட்டில் ஏன் எப்போதும் மனைவியே ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்பதைக் கணவன்மார்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆண்களுக்கான தழும்பில்லாக் கருத்தடை சில நிமிட வேலை. கத்தி இல்லை, தையல் இல்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம். பலம் குறையும், தாம்பத்தியம் கெடும் என்பதெல்லாம் டீக்கடைப் பேச்சு. 3 மாதம்வரை மட்டும் நிரோத் உபயோகித்து, பிறகு ஒரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்து வருவதற்கு அல்ல அது. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, குடிதண்ணீர்த் தொட்டி கழுவினார்களா, சத்துணவுக் கூடம் எப்படி இருக்கிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. உறுப்பினராக இல்லாவிட்டாலும் பருவம் முடியும்போது டீச்சரைப் போய்ப் பாருங்கள். "எத்தனாவது ரேங்க்?" என்று கேட்க வேண்டாம். "இந்தப் பருவத்தில் என் பிள்ளை எத்தனை நாள் வரவில்லை? எந்தப் பாடம் விட்டுப்போயிருக்கிறது? அடுத்த பருவத்துக்குள் வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்?" இந்த மூன்றையும் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் கேட்கலாம், கூச்சம் வேண்டாம். வீட்டில் சாயங்காலம் அரை மணி நேரம் டி.வி.யையும் செல்போனையும் நிறுத்திவிட்டு, பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி எதிரே உட்கார்ந்து கேட்டால் போதும். ராத்திரி சுமார் 10 மணி நேரம் தூங்க விடுங்கள்.

பள்ளி சம்பந்தமான சந்தேகங்களுக்கு 14417, உடல்நலம் பற்றிய சந்தேகங்களுக்கு 104 என்ற எண்களில் கேட்கலாம். காப்பர்-டி, ஊசி, மாத்திரை பற்றி உங்கள் துணை சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் கணவனும் மனைவியும் சேர்ந்து போய்ப் பேசுங்கள்.