கழற்றிய இம்பெல்லரும் கையிலுள்ள ரசீதும்

தமிழ்நாட்டுக் கடற்கரையில், குறிப்பாக 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்ட ஃபைபர் படகுகள் பலவும், பின்பலகையில் மாட்டிக் கழற்றக்கூடிய அவுட்போர்டு என்ஜினைக் கொண்டே இயங்குகின்றன. இந்த என்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது. அடிப்பகுதியிலுள்ள சல்லடைத் துளைகள் வழியே கடல்நீரை இழுத்து, மேலேயுள்ள சிலிண்டர்களைச் சுற்றிச் செலுத்தி வெளியேற்றுவதன் மூலமே அது தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அந்த வேலையைச் செய்யும் வாட்டர் பம்பின் உயிர்நிலை, இம்பெல்லர் எனப்படும், உள்ளங்கைக்குள் அடங்கும், இதழ்கள் கொண்ட ரப்பர் சக்கரமாகும். அது தேய்ந்து கெடுவது இயல்பு. ஆனால் எதனால் கெட்டது என்று பாராமல், அதனால் நேரும் இழப்பு முழுவதையும் மீனவர் தம் தலையெழுத்தாக ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

பம்ப் நின்றால் சில நிமிடங்களிலேயே என்ஜின் அளவுமீறிச் சூடேறி, ஹெட் கேஸ்கெட் வெந்து, பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளக்கூடும். அதற்குப் பின் படகு காற்றும் நீரோட்டமும் இழுத்த திசையில் போகும். பாக் நீரிணையிலோ, அவ்வாறு அடித்துச் செல்லப்படும் படகு சர்வதேசக் கடல் எல்லையைக் கடந்துவிடும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே, என்ஜின் ஓடும்போது அதன் பக்கவாட்டுத் துளையிலிருந்து பீச்சும் மெல்லிய நீர்த்தாரையை ஓயாமல் கவனிப்பது உயிர்காக்கும் பழக்கமாகும். தாரை மெலிந்தாலோ நின்றாலோ உடனே என்ஜினை அணைத்து, தூக்கிப் பார்த்து, சல்லடையில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பம்ப் நன்றாயிருந்தும் மணலோ உப்போ நீர்த்தாரை வரும் துளையை மட்டும் அடைத்திருக்கலாம் என்பதால், மெல்லிய கம்பியால் அதைக் குத்திப் பார்ப்பதும் அவசியம். நடுக்கடலில் நின்றுவிட்டால் இந்தியக் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணிலும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை 1093 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

பம்பைப் பழுது பார்ப்பதற்கு ஸ்பார்க் பிளக் வயர்களைக் கழற்றிவிட்டு, கியர் கம்பியின் இணைப்பை விடுவித்து, புரொப்பெல்லரோடு கூடிய கீழ்ப்பகுதி முழுவதையும் இறக்க வேண்டும். பழைய என்ஜின்களில் உப்பேறிய போல்ட்டுகள் எளிதில் அசையா. முரட்டுத்தனமாகத் திருகினால் தலை முறிந்து செலவு பன்மடங்காகும் என்பதால், துரு நீக்கும் எண்ணெய் விட்டுப் பொறுத்திருப்பதே மேல். பம்பின் மூடியைத் திறந்தால், டிரைவ் ஷாஃப்டில் ஒரு சிறு உலோகக் கீயால் பிணைக்கப்பட்ட இம்பெல்லர் தெரியும். புதியதைப் பொருத்தும்போது, ஷாஃப்டை அது சுழலும் திசையிலேயே திருகியபடி மூடியைச் செலுத்தினால்தான் இதழ்கள் சரியான பக்கம் மடியும். வளைந்து நிலைத்துப்போன பழைய இம்பெல்லரைத் திருப்பிப்போட்டு ஓட்டுவது, காசை மிச்சப்படுத்துவதுபோல் தோன்றினாலும், இதழ் விரைவில் முறிவதற்கே வழிவகுக்கும். கோடு விழுந்த அடித்தகடு, கேஸ்கெட் ஆகியவற்றையும் மாற்றி, மேலே நீர் செல்லும் குழாய் அதற்குரிய ரப்பர் வளையத்தில் சரியாக அமர்ந்ததை உறுதிசெய்ய வேண்டும். அந்தக் குழாய் சற்றே விலகி நின்றால், புத்தம்புதிய இம்பெல்லர் இருந்தும் என்ஜின் சூடேறும். முறிந்த இதழின் துண்டுகள் நீர்வழிக்குள் சிக்கியிருந்தால் அவற்றையும் தேடி எடுத்தாக வேண்டும். அவசரத்தில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான்.

கழற்றிய இம்பெல்லரைக் கடற்கரையிலேயே வீசிவிடுவது வழக்கம். உண்மையில் அது ஒரு சாட்சி. இதழ்களின் நுனி கருகி உருகியிருந்தால் தண்ணீரின்றி ஓட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். ஓரங்கள் தேய்ந்து, தகட்டிலும் கீறல்கள் இருந்தால் அது மணலின் வேலை. இதழ்கள் ஒரே பக்கமாக வளைந்து வெடித்திருந்தால் மாற்ற வேண்டிய காலம் கடந்துவிட்டது. ஆனால் இதழ்கள் புதிதாகவே இருக்க, ரப்பர் மட்டும் நடுவிலுள்ள உலோகக் குழலிலிருந்து பிரிந்து தனியே சுழலுமானால், ஒட்டுதல் சரியில்லாத சரக்கு என்ற ஐயம் வலுவாக எழுகிறது. அங்குதான் மீனவரின் சட்ட உரிமை தொடங்குகிறது.

தொழிலுக்காக வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று கடைக்காரர் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று. சுயதொழிலால் தம் பிழைப்பை நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருள் வணிகப் பயன்பாட்டில் சேராது என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. லக்ஷ்மி என்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம், தாமே ஓட்டிப் பிழைப்பதற்காக டாக்ஸி வாங்குபவரை எடுத்துக்காட்டாகக் காட்டி, ஓரிருவர் துணைக்கு இருப்பதால் மட்டும் ஒருவர் நுகர்வோர் என்ற நிலையை இழப்பதில்லை என்று விளக்கியது. தாமே கடலுக்குச் செல்லும் சிறு படகுக்காரர் இந்த அடிப்படையில் வாதிடலாம்; பல படகுகளை ஆள்வைத்து ஓட்டும் உரிமையாளருக்கு இது கடினம்.

எதிர்த்தரப்பு சொல்லக்கூடிய முதல் பதில், என்ஜினைத் தண்ணீரில்லாமல் ஓட்டியிருப்பீர்கள் என்பதாகும். பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தால் விற்பனையாளர்மீது, குறைப்பொருளால் விளைந்த தீங்குக்கான பொருட்பொறுப்பு வழக்குத் தொடர முடியாது என்று அந்த 2019 சட்டத்தின் 87-ஆம் பிரிவும் சொல்கிறது. எனவே பழைய பாகத்தைக் கழற்றும்போதே எல்லாப் பக்கமும் படமெடுத்து, கழுவாமல் உறையிலிட்டு வைப்பது மிக முக்கியம். குறையை ஆய்வின்றி அறிய இயலாதபோது பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பாகத்துக்கும் மெக்கானிக் கூலிக்கும் தனித்தனி ரசீது கேட்டு வாங்க வேண்டும். ரசீது தர மறுப்பதும், குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறைகளாகும். அசல் என்று சொல்லிப் போலிப் பாகத்தை விற்பது 91-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம்.

முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை பெற்று, பயனில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதுவும் பலிக்காவிட்டால், குறை நேர்ந்த 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். வாங்கிய இடம் எங்கோ இருந்தாலும் மீனவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் பதியலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை. பாகத்தின் விலையோடு, அதனால் கெட்டுப்போன என்ஜினைச் சீர்செய்த செலவையும், கடலுக்குப் போக முடியாத நாட்களின் வருமான இழப்பையும், முந்தைய மீன் விற்பனைச் சீட்டுகளை ஆதாரமாக வைத்துக் கோரலாம்.