கைப்பேசி ஆதாரம் நீதிமன்றத்தில் நிற்க என்ன வேண்டும்?

சேலம் மாவட்டம் ஓமலூரைச் சேர்ந்த பட்டியலின இளைஞர் கோகுல்ராஜ், 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குத் தோழியுடன் போனார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் சடலமாகக் கிடந்தார். விசாரணையில் அந்தத் தோழியே பிறழ்சாட்சி ஆனார். உயர் நீதிமன்றத்தில் கோயிலின் சிசிடிவி பதிவைத் திரையிட்டுக் காட்டியபோதும் அதில் இருப்பது தான் இல்லை என்றார். ஆனாலும் வழக்கு விழவில்லை. 2022 மார்ச்சில் யுவராஜுக்கு மதுரை சிறப்பு நீதிமன்றம் விதித்த ஆயுள் தண்டனையை 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

நம் குடும்பங்களுக்கு வரும் வழக்குகள் இவ்வளவு பெரியவை அல்ல. மருமகளுக்கு வந்த மிரட்டல் குரல் பதிவு, பாகப்பிரிவினையில் அண்ணன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, கடன் செயலிக்காரர்கள் பரப்பிய படம். பலரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஜமாஅத்துக்கும் வக்கீலுக்கும் அனுப்பிவிட்டு, கோபத்தில் மூலச் செய்தியை அழித்துவிடுகிறார்கள். தவறு அங்கேதான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கும். எடுத்த நேரம், கேமரா விவரங்களும் போய்விடும்.

கம்ப்யூட்டர் தடயவியல் நிபுணர் மூலக் கருவியில் வேலை செய்வதில்லை. அதில் எதுவும் எழுதப்படாதபடி தடுத்து, முழு நகல் எடுப்பார். இரண்டுக்கும் 'ஹாஷ்' எண் கணக்கிடுவார். ஒரே ஓர் எழுத்து மாறினாலும் இந்த எண் அடியோடு மாறிவிடும். எண்கள் ஒத்திருந்தால் நகலில் யாரும் கைவைக்கவில்லை என்று காட்டலாம். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பதும் இதைத்தான்.

2014இல் அன்வர் வழக்கில், மின்னணுப் பதிவின் நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு அதை இன்னும் இறுக்கியிருக்கிறது: சான்றிதழின் முதல் பகுதியில் பதிவைத் தாக்கல் செய்பவர், இரண்டாம் பகுதியில் நிபுணர் கையொப்பமிட வேண்டும், ஹாஷ் எண்ணும் குறிப்பிட வேண்டும். தனியார் தடயவியல் நிறுவனங்களைக் குடும்பங்கள் தேடிப்போவது பெரும்பாலும் இதற்காகத்தான். பணம் கட்டுமுன் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசி உங்களுடையதாக இருந்து, அதையே எடுத்துச் சென்று கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

சிசிடிவி விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டும். கரடியூர் போன்ற மலைக் கிராமத்துக் கடையோ, ஏற்காட்டுத் தங்கும் விடுதியோ, டிவிஆர் பெட்டி பெரும்பாலும் சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். சம்பவம் நடந்த அன்றே உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். புகார் மனுவிலும் அந்தக் கேமராவைக் குறிப்பிடுங்கள். அவர் சான்றிதழ் தர மறுத்தால், தரச்சொல்லி உத்தரவிடுமாறு நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்.