துளி சிந்தாத அறுவை: கல்லீரல் நீர்க்கட்டியும் அதன் சிக்கல்களும்

ஒட்டுண்ணியால் கல்லீரலில் உண்டாகும் நீர்க்கட்டியை மருத்துவ உலகம் 'ஹைடாடிட்' என அழைக்கிறது. நீர்க்கொப்புளம் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. இக்கட்டியை அகற்றும் மருத்துவர், கட்டியினும் அதனுள் நிறைந்திருக்கும் நீருக்கே மிகுதியும் அஞ்சுகிறார். அதன் காரணத்தை இங்குக் காண்போம்.

எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்பது சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நாடாப்புழு; நாயின் குடலில் வாழ்வது. நாயின் மலத்தோடு வெளிப்படும் முட்டைகளை மேயும் ஆடு விழுங்குகிறது. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வளர்கிறது. அவ்வுறுப்புகளைத் தின்னும் நாயின் குடலில் மீண்டும் புழு தோன்றுகிறது. கழுவாத கையாலோ காய்கறியாலோ முட்டை நம் வயிற்றுள் புகுந்தால், ஆட்டுக்கு நேர்வதே நமக்கும் நேர்கிறது. குடலிலிருந்து வரும் குருதி முதலில் கல்லீரலை அடைவதால், பெரும்பாலான கட்டிகள் அங்கேயே தங்கிப் பல ஆண்டுகள் ஓசையின்றி வளர்கின்றன.

கட்டியின் உட்சுவரில் புழுவின் இளந்தலைகள் அரும்புகின்றன. அவை மிதக்கும் நீர் வயிற்றறைக்குள் சிந்தினால் இரு தீங்குகள் நேரலாம். ஒன்று, உயிரையே பறிக்கக்கூடிய ஒவ்வாமை அதிர்ச்சி. மற்றொன்று, சிந்திய இடங்களில் புதிய கட்டிகள் முளைத்தல். ஆதலால் மருத்துவர் கல்லீரலைச் சுற்றிலும் மிகையுப்பு நீரில் நனைத்த துணிகளைப் பரப்பி, நீரை உறிஞ்சி எடுத்த பின்னரே கட்டியைத் திறக்கிறார்.

அடுத்து எழுவது, எவ்வளவு அகற்றுவது என்னும் வினா. புறச்சுவரோடு முழுமையாக அகற்றினால் நோய் மீளும் வாய்ப்புக் குறையும். ஆயினும் குருதிப்பெருக்கு மிகலாம். உட்பொருளை மட்டும் நீக்கினால் அறுவை எளிது; ஆனால் எஞ்சும் குழியில் சீழ் பிடிக்கலாம், பித்தநீர் கசியலாம். இக்குழியைக் குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையால் நிரப்புவதும் உண்டு.

பித்தக்கசிவே அறுவைக்குப் பின் அடிக்கடி காணப்படும் சிக்கல். வளரும் கட்டி அருகிலுள்ள பித்தக்குழாயை அரித்துத் துளையிட்டுவிடுவதே காரணம். உறிஞ்சிய நீரில் பித்தத்தின் நிறம் தென்பட்டால், புழுக்கொல்லி மருந்தைக் குழிக்குள் செலுத்துதல் ஆகாது. அது பித்தக்குழாய்களுள் பரவி அவற்றைத் தழும்பாக்கிச் சுருக்கிவிடும். முற்காலத்தில் ஃபார்மலினைப் பயன்படுத்தியபோது இத்தீங்கு நேர்ந்தது. கசிவு நீடித்தால், வாய்வழி உள்நோக்கிக் கருவியைச் செலுத்திப் பித்தக்குழாயின் வாயிலை அகலப்படுத்துவர்.

இன்று எல்லாக் கட்டிகளுக்கும் கத்தி வேண்டுவதில்லை. சிலவற்றை ஊசியால் உறிஞ்சி மருந்து செலுத்தியும், சிலவற்றை அல்பெண்டசோல் மாத்திரையாலும் குணப்படுத்துகின்றனர். உயிரிழந்து சுண்ணாம்பேறிய கட்டியைத் தீண்டாமல் கண்காணிப்பதே போதும்.

எனினும், இந்நோயை ஒரு நாட்டிலிருந்தே அகற்றிய பெருமை கத்திக்கு உரியதன்று. 19ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து இந்நோயால் பெரிதும் வாடியது. 1863இல் அங்குச் சென்று ஆராய்ந்த டென்மார்க்கு அறிஞர் ஹரால்ட் கிராபே நோய் பரவும் வழியை விளக்கினார். அவ்விளக்கம் அந்நாட்டு மக்களின் மொழியிலேயே சிறுநூலாக அச்சாகி அவர்களிடையே பரப்பப்பட்டது. ஆட்டின் கட்டியுள்ள உறுப்புகளை நாய்க்கு இடாமல் அழிக்க மக்கள் கற்றனர், சட்டமும் துணைநின்றது. நோய் படிப்படியாக மறைந்தது. தாய்மொழியில் தெளிவாக எழுதப்பட்ட அறிவியல் உயிர்காக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்றினை நாம் தேட வேண்டியதில்லை.