ஒரு நாள், இரண்டு ஊர்கள்

பள்ளி விடுமுறை நெருங்கியதும் இல்லந்தோறும் எழுகின்ற கேள்வி ஒன்று உண்டு: "இந்த ஆண்டு எங்கே போகலாம்?" கேள்வி இனியது. விடைதான் பல குடும்பங்களில் கசப்பாய் முடிகின்றது. வேன் ஒன்றை வாடகைக்கு அமர்த்துகின்றனர். ஒரே பகலில் ஒன்பது இடங்கள் என்று பட்டியல் போடுகின்றனர். நள்ளிரவில் புறப்பட்டு மறு நள்ளிரவில் திரும்புகின்றனர். "என்ன பாட்டி பார்த்தீர்கள்?" என்று கேட்டால், "சன்னல் வழியே ரோட்டைப் பார்த்தேன், சாமி" என்று விடை வருகின்றது. பிள்ளைகளுக்கு வாந்தி, பெரியவர்களுக்குள் மனத்தாங்கல், கைமாற்று வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவோ மாதங்கள் பல ஆகின்றன.

இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் இத்தகைய கதைகளை நாம் கேட்டு வருகின்றோம். ஆதலின், அதிகச் செலவின்றி, எவரையும் நம்பியிராமல், ஒரு குடும்பம் தானே திட்டமிட்டுச் சென்றுவரத்தக்க ஒரு நாள் பயணத்தை இங்கே எடுத்துரைக்க விழைகின்றோம். நாம் தேர்ந்துகொண்டவை விருதுநகர் மாவட்டத்துத் திருவில்லிபுத்தூரும் இராஜபாளையமும். முன்னது பழமையின் ஊர். பின்னது பஞ்சின் ஊர். இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

முதலில் வீட்டில் கூடுக

பயணம் பேருந்து நிலையத்தில் தொடங்குவதன்று; வீட்டுத் திண்ணையில் தொடங்குவது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே எல்லாரும் ஒன்றாய் அமருங்கள். முதற்கண் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை இடம் பார்க்கலாம்?" என்பதன்று, "நம்முள் மிகத் தளர்ந்தவர் யார்?" என்பதே. முழங்கால் வலியுள்ள பாட்டியோ, பிள்ளைத்தாய்ச்சியான மருமகளோ, மூன்று வயதுக் குழந்தையோ, யாராயினும் அவருடைய நடையே அன்றைய நாளின் வேகமாக அமையட்டும்.

அடுத்து, பணிகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள். மதுரையிலிருந்து திருவில்லிபுத்தூர் சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர். கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் பேருந்துகள் நாள் முழுதும் உண்டு. விருதுநகரிலிருந்து தென்காசி நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் சிவகாசி, திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் என்று நிலையங்கள் வரிசையாய் அமைந்துள்ளன. இரயில் நேரங்களை விசாரித்து எழுதும் பொறுப்பை மூத்த மகனிடம் விடலாம். வரவு செலவுக் குறிப்பை மகள் ஏற்கட்டும். பணத்தை வழிச்செலவு, உணவு, கொள்முதல் என மூன்றாகப் பிரித்து மூன்று உறைகளில் வையுங்கள். ஓர் உறை காலியானால் மற்றொன்றில் கை வைப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டால், திரும்பி வரும்போது கடன் உடன் வாராது.

நாளையும் ஆராய்ந்து தேர்க. ஆடிப்பூரத் தேரோட்ட நாளில் திருவில்லிபுத்தூரில் கால் வைக்க இடம் இராது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அருகிலுள்ள திருவண்ணாமலை என்னும் சிற்றூரின் மலைக்கோயிலுக்குப் பெருங்கூட்டம் செல்லும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சதுரகிரி செல்வோரால் அப்பக்கத்துப் பேருந்துகள் நிரம்பி வழியும். முதியோரை உடன் அழைத்துச் செல்வோர் இந்நாட்களைத் தவிர்ப்பதே நன்று.

காலை: கோபுரத்தின் அடியில்

வெயில் ஏறுமுன் திருவில்லிபுத்தூரை அடைந்துவிடுங்கள். இங்ஙனம் நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நண்பகலில் கோயில் நடை சாத்தப்பட்டால் மாலைதான் மீண்டும் திறக்கப்படும். பதினொரு மணிக்குப் பசியோடு வந்திறங்கும் குடும்பம், மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரும்.

வடபத்திரசாயி கோயிலின் இராஜகோபுரம் பதினொரு நிலைகளைக் கொண்டது. உயரம் 192 அடி என்பர். தமிழக அரசின் இலச்சினையில் விளங்கும் கோபுரம் இதுவே என்று பலரும் கூறுவர். மதுரைக் கோபுரமே என்று வாதிடுவாரும் உளர். பிள்ளைகளிடம் ஓர் அரசாங்கக் கடிதத்தைக் கொடுத்து, இலச்சினையையும் கோபுரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் செய்யுங்கள். அரை மணி நேரம் அவர்கள் அசையமாட்டார்கள்.

இவ்வூர் பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த ஊர். பன்னிரு ஆழ்வார்களுள் பெண் ஆண்டாள் ஒருவரே. திருப்பாவையின் முப்பது பாசுரங்கள் தமிழ் பயின்றோர் எவருக்கும் அயலானவை அல்ல.

இவ்விடத்தே நம் வாசகர் சிலர் தயங்கக்கூடும். "கோயில் பக்கம் போகலாமா, சாமி?" என்று நம்மிடம் கேட்டோர் உண்டு. 1965ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடு ஒன்று, பிற சமயங்களில் உண்மையாகவும் தூய்மையாகவும் உள்ள எதனையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று தெளிவுறுத்தியுள்ளது. அயலவரின் வழிபாட்டிடத்தை மதிப்போடு காண்பது நம் விசுவாசத்திற்கு ஊறு விளைவிப்பதன்று. ஆனால் மதிப்பு என்பதற்கு ஒழுங்கு உண்டு. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் பிசாக் என்றொரு சந்தை ஊர் உள்ளது. அதன் மேலுள்ள மலையில் இன்கா மக்கள் எழுப்பிய கற்கட்டடங்கள் சிதைந்து கிடக்கின்றன. அவற்றைக் காணச் செல்வோர் மலையில் ஏறி இறங்கிப் பின்னர்ச் சந்தையில் பொருள் வாங்கித் திரும்புவர். அங்கே வழிபட்ட மக்களின் அரசு பதினாறாம் நூற்றாண்டில் வீழ்த்தப்பட்டது, எஞ்சியிருப்பவை கற்களே. திருவில்லிபுத்தூரிலோ இன்றும் விளக்கெரிகின்றது. அன்றாடம் மக்கள் கைகூப்பி நிற்கின்றனர். ஆதலின் வேடிக்கை பார்க்கும் கண்ணோடு அங்குச் செல்லலாகாது. மிதியடியைக் கழற்றி, குரலைத் தாழ்த்தி, அறிவிப்புப் பலகை எதுவரை செல்லலாம் என்கின்றதோ அதுவரை மட்டும் சென்று, வழிபடுவோருக்கு இடம் விட்டு நிற்க வேண்டும். நம் ஆலயத்திற்கு வரும் பிற சமயத்தார் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகின்றோமோ, அவ்வாறே நாமும் நடந்துகொள்வோமாக.

மன்னரும் மணியோசையும்

கோயிலுக்கு அண்மையிலேயே திருமலை நாயக்கரின் அரண்மனை ஒன்று உள்ளது. மதுரை மகாலின் பெருமிதம் இதற்கு இல்லை, அளவில் சிறியது. தமிழகத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அது திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள்.

திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்டவர். தத்துவ போதகர் என்று நாம் போற்றும் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் மதுரையில் மறைப்பணி ஆற்றிய காலத்தின் ஒரு பகுதி இம்மன்னரின் ஆட்சியில் கழிந்தது. ஆகவே இத்தூண்களின் நடுவே நிற்கும்போது, நம் முன்னோரின் வரலாறும் இக்காலத்தோடு பின்னிக் கிடப்பதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டலாம்.

வழிவழியாய் வரும் கதை ஒன்றும் உண்டு. திருவில்லிபுத்தூரில் பூசை முடிந்த பிறகே மன்னர் மதுரையில் உணவு கொள்வாராம். அச்செய்தியை அறிய வழிநெடுக மணி மண்டபங்கள் கட்டினாராம். ஒரு மண்டபத்தின் மணியோசை கேட்டதும் அடுத்த மண்டபத்து மணி ஒலிக்கும். இவ்வாறு ஓசை மதுரை வரை ஓடும். தந்திக் கம்பி இல்லாக் காலத்துத் தந்தி இது! எழுபத்தைந்து கிலோமீட்டருக்கு எத்தனை மண்டபங்கள் வேண்டும், ஓசை சென்றடைய எவ்வளவு நேரமாகும் என்று பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் கசக்கும் கணக்கு, அரண்மனை நிழலில் இனிக்கும்.

பாலும் பொறுமையும்

திருவில்லிபுத்தூர் என்றதும் நாவில் ஊறுவது பால்கோவா. 2019ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அகன்ற இரும்புச் சட்டியில் பாலை ஊற்றி, அடி பிடிக்காமல் இடைவிடாது கிளறி, சர்க்கரை சேர்த்துச் சுண்டவைக்கின்றனர். பத்து லிட்டர் பாலிலிருந்து ஏறத்தாழ மூன்று அல்லது மூன்றரைக் கிலோ பால்கோவாதான் கிடைக்கும். அடுப்பருகே நின்று கிளறுபவரின் வியர்வையைப் பிள்ளைகள் காணட்டும். இனிப்பின் விலை எதற்கென்று அவர்களுக்கு விளங்கும். வாங்குவதைச் சிறு பொட்டலங்களாக வாங்குங்கள். சில நாட்களுக்கு மேல் வைத்திருக்கத் தக்க பண்டம் அன்று இது. உறவினர் அனைவருக்கும் என்று மூட்டை கட்டினால் வீணாகும்.

பிற்பகல்: பஞ்சின் ஊர்

நண்பகல் உணவை முடித்துக்கொண்டு இராஜபாளையத்திற்குப் பேருந்து ஏறுங்கள். அரை மணி நேரப் பயணம். மேற்கே மலைத்தொடர் உங்களுடனேயே வரும்.

இவ்வூரின் வாழ்வு நூலிலும் துணியிலும் பின்னப்பட்டது. பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1930களில் இங்கே நூற்பாலையை நிறுவினார். அதன்பின் ஆலைத் தொழில் வேரூன்றியது. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யப்படும் கட்டுத்துணி, நாடெங்கும் மருத்துவமனைகளில் புண்களைக் கட்டப் பயன்படுகின்றது. ஊரின் கடைத்தெருவில் 'பஞ்சு மார்க்கெட்' என்ற பெயரே தொழிலின் கதையைச் சொல்லிவிடும். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராய் இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா இவ்வூரினர். தம் இல்லத்தையே காந்தி கலைமன்றத்திற்கென ஈந்தவர் அவர். பதவிக்கு வந்து வீடு சேர்த்தோர் பலர். வீட்டைக் கொடுத்தோர் சிலரே. இதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் அவ்வூரை விட்டு வரலாகாது.

கடைத்தெருவை மாலைக்கென ஒதுக்குங்கள். காலையிலேயே வாங்கினால் நாள் முழுதும் சுமக்க வேண்டும். கோடையாயின் பஞ்சவர்ணம், சப்பட்டை முதலிய மாம்பழங்கள் கிடைக்கும். ஓர் எச்சரிக்கையும் உண்டு. இராஜபாளையம் நாயின் குட்டியைக் கண்டால் பிள்ளைகள் அங்கேயே அமர்ந்துவிடுவர். 2005ஆம் ஆண்டில் அஞ்சல் தலையிலேயே இடம்பெற்ற இனம் அது. ஆனால் அது வேட்டைக்குரிய பெரிய நாய்; ஓடியாட இடமும் நாள்தோறும் கவனிப்பும் வேண்டுவது. வாடகை வீட்டின் இரண்டு அறைகளில் அதனை அடைப்பது அவ்வாயில்லாப் பிராணிக்குச் செய்யும் கொடுமை. அஞ்சல் தலையின் படத்தோடு மனநிறைவு கொள்வது நலம்.

விட்டுவிடத் துணிக

"இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ஐயனார் அருவியையும் பார்த்துவிடுவோமே!" என்று ஒருவர் தொடங்குவார். "செண்பகத்தோப்பும் பக்கந்தானே!" என்பார் மற்றொருவர். இங்கேதான் மன உறுதி வேண்டும்.

சாம்பல் நிற மலை அணில்களுக்கென 1988இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அம்மலைக்காடு, 2021இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி ஆயிற்று. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே நுழையலாகாது. அன்றியும், மலையுச்சியில் பெய்யும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. வானம் தெளிந்திருக்கையிலேயே ஓடையில் வெள்ளம் பாய்ந்து வரும். 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் சதுரகிரி மலையில் திடீர் வெள்ளத்தில் சிக்கிப் பக்தர்கள் உயிரிழந்ததை இப்பகுதி மக்கள் மறக்கவில்லை. மாலையில், களைத்த கால்களோடும் சிறுவர்களோடும் 'ஒரு எட்டு' பார்த்துவரும் இடம் அருவி அன்று. அதற்கென வேறொரு நாளை, காலை வேளையை, வனத்துறையினரிடம் கேட்டறிந்து குறித்துக்கொள்ளுங்கள். தடை என்று அவர்கள் சொன்னால் வாதாடாமல் திரும்புங்கள்.

பயணத்தின் சிறப்பு, பார்த்த இடங்களின் தொகையில் இல்லை. பாட்டி கோபுரத்தடியில் அமர்ந்து, தம் இளமைக் காலத்தைப் பேரனுக்குச் சொல்ல நேரம் கிடைத்ததா? ஆலையிலும் தீப்பெட்டித் தொழிலிலும் ஆண்டெல்லாம் உழைக்கும் தந்தை, அன்றொரு நாளேனும் கடிகாரத்தைப் பாராமல் பிள்ளைகளோடு நடந்தாரா? சமையலறையை விட்டு வெளியே வந்த தாய், மற்றவர் பரிமாற உண்டாரா? இவற்றிற்கு 'ஆம்' என்று விடை வருமாயின், அந்த நாள் பயனுள்ள நாள்.

இரவு எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். மீந்த உறைப் பணத்தை எண்ணி, உண்டியலில் இடுங்கள். அடுத்த பயணத்தின் முதல் காசு அதுவாக இருக்கட்டும்.